நாற்று சாய்ந்தால் விதையைத் திட்டாதீர்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுத்தோட்ட நாற்றைப் பற்றியவை. ஆடிப்பட்டத்துக்கு விதை போட்டவர்கள் ஆவணி பிறந்ததும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள் என்று தெரிகிறது. அதனால் மரவள்ளி, கரும்புக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். அந்த நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மரவள்ளி பதினைந்து நாள் காத்திருக்கும். முளைத்து நாலு நாளான கத்தரி நாற்று காத்திருக்காது.

கேள்வி: "ஐயா, வணக்கம். எங்கள் ஊர் கல்வராயன்மலையில், வெள்ளிமலைக்குப் பக்கம். என் அம்மா வழியாக வந்த கத்தரி ஒன்று வைத்திருக்கிறோம். காய் குண்டாக, பச்சையில் வெள்ளை வரி ஓடியிருக்கும். குழம்பில் போட்டால் கரையாது. அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. போன வருஷம் மழையில் காய் அழுகி விதை எடுக்க முடியவில்லை. முந்தின வருஷத்து விதைதான் மிச்சம். இந்த ஆடியில் இரண்டு முறை போட்டேன். இரண்டு முறையும் நன்றாக முளைத்தது. நாலாம் நாள், ஐந்தாம் நாள் தரையோடு சாய்ந்துவிட்டது. பக்கத்தில் ஆபீஸில் கொடுத்த தக்காளி விதையும் போட்டேன். அதுவும் அப்படியே. தண்ணீர் குறை வைக்கவில்லை. காலை ஒரு குடம், சாயந்திரம் ஒரு குடம் ஊற்றிலிருந்து தூக்கி வந்து ஊற்றுகிறேன். மூணடிக்கு நாலடி பாத்திதான். வெயில் படக்கூடாது என்று பலா மரத்தடியில் போட்டேன். விதை செத்துப்போச்சு, சந்தையில் பாக்கெட் வாங்கிக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். இன்னும் ஒரு தேக்கரண்டி விதை இருக்கிறது. இதையும் போட்டுப் பார்க்கட்டுமா, வேண்டாமா?"

பதில்: அம்மா, அந்தத் தேக்கரண்டி விதையை இன்றைக்கு மண்ணில் போட வேண்டாம். தூக்கி எறியவும் வேண்டாம். ஈரமில்லாத சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, அடுப்பு அனல் படாத இடத்தில் வையுங்கள். பதிலை முழுதும் படித்துவிட்டுப் பிறகு கைவையுங்கள்.

உங்கள் விதை சாகவில்லை. செத்த விதை முளைக்காது. முளைத்து, இரண்டு இலை விரித்து, அதன்பிறகு சாய்ந்தது என்றால் விதை தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது என்று பொருள். இன்னொரு சாட்சியும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வீட்டு விதை ஒன்று, ஆபீஸ் விதை ஒன்று. இரண்டும் வேறு வேறு பயிர், வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை. இரண்டும் ஒரே பாத்தியில் ஒரே மாதிரி விழுந்திருக்கின்றன. அப்படியானால் குற்றம் பாத்தியில் இருக்கிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். முளைக்காவிட்டால் விதையைக் கேளுங்கள். முளைத்து விழுந்தால் பாத்தியைக் கேளுங்கள்.

இதற்குப் பெயர் நாற்றழுகல் நோய். பித்தியம் என்ற பூசணம்தான் பெரும்பாலும் காரணம். இது எங்கிருந்தோ வந்த விருந்தாளி அல்ல. ஏறக்குறைய எல்லா மண்ணிலும் இருப்பது. மண் அளவான ஈரத்தில் இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். மண்ணில் தண்ணீர் தேங்கினால் அதன் வித்துகள் அந்தத் தண்ணீரில் நீந்திப்போய் இளம் தண்டைப் பிடிக்கும். நீந்துவதற்குத் தண்ணீர் கொடுப்பது நாம்தான்.

விழுந்த நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு வெந்ததுபோல் நிறம் மாறி, நூல்மாதிரி மெலிந்திருந்தால் நாற்றழுகல்தான். தண்டு கத்தியால் அறுத்தாற்போல் துண்டாகிக் கிடந்தால் அது வெட்டுப்புழுவின் வேலை. பக்கத்து மண்ணைக் கிளறினால் சுருண்டு படுத்திருக்கும். தண்டு உறுதியாக இருந்து இலை மட்டும் நடுப்பகலில் தொங்கி, வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்தால் அது தாகம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல், நாற்று தலைசாய்ந்தாலே தாகம் என்று குடத்தைத் தூக்குவதுதான் நம் ஊர்களில் நடக்கிறது. அழுகலுக்குத் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் பக்கத்து நாற்றும் விழும். பாத்தியில் வட்ட வட்டமாக வெறுமை விழுவது அப்படித்தான்.

இனி உங்கள் குடத்துக் கணக்கு. மூணடிக்கு நாலடி என்றால் 12 சதுர அடி. சதுர மீட்டரில் 1.1. குடத்துக்கு 12 லிட்டர் என்று வைத்தாலும் இரண்டு குடம் 24 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். உங்கள் பாத்தியில் தினமும் 20 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்திருக்கிறது. ஐப்பசி அடைமழையில் நாற்றங்கால் போட்டதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அதுவும் வெயில் எட்டாத பலா மரத்தடியில். ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போகவும் வழியில்லை. கீழே சமவெளியில், சித்திரை வெயிலில், திறந்த பாத்தியிலிருந்துகூட நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஈரம் போகாது. உங்கள் மலையில், ஆவணி மூடாப்பில் அதில் பாதிகூட இராது.

உங்களுக்கு இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. அந்தப் பாத்திக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது நாலு லிட்டர், மிஞ்சிப்போனால் ஐந்து. மேட்டில் இடுப்பில் குடத்தோடு ஏறுவது என்னவென்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

தண்ணீரை எப்போது, எவ்வளவு என்று கேட்டால் பலரும் "தினம் இரண்டு வேளை" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். கைபேசியில் சுற்றும் வீடியோக்களும் அதைத்தான் சொல்கின்றன. எனக்கு அந்த ஒருவரி யோசனையில் நம்பிக்கையில்லை. விதைக்கு ஒரு விதமான தண்ணீர், முளைத்த நாற்றுக்கு வேறு விதமான தண்ணீர். மாற வேண்டிய நாளில் மாறாமல் விடுவதால்தான் பாதி நாற்றங்கால் போகிறது.

விதை போட்ட நாள் முதல் முளை தெரியும்வரை மேல்மண் ஒரு விரல் ஆழத்துக்குக் காயவே கூடாது. விதை தண்ணீரைக் குடித்து உப்பி, உள்ளே முளை கிளம்பிய பிறகு ஒருநாள் காய்ந்தாலும் போதும், அது செத்துவிடும். மறுபடி ஈரம் காட்டினால் எழாது. ஆகவே இந்த நாட்களில் கொஞ்சமாக, அடிக்கடி. ஆனால் இங்கேயும் சேறாகக் கூடாது. விதையும் மூச்சு விடுகிற உயிர்தான். மண்ணின் சந்துகளில் காற்று இருக்க வேண்டிய இடமெல்லாம் தண்ணீர் நின்றால் விதை உள்ளேயே அழுகும். மேலே வைக்கோல் அல்லது காய்ந்த போதைப்புல்லை மெல்லிசாகப் பரப்பி அதன்மேல் தெளித்தால், காலையில் ஒருமுறை தெளித்த ஈரம் மாலைவரை நிற்கும். மண்ணும் இறுகாது. உங்கள் செம்மண்ணில் இது முக்கியம். குடத்திலிருந்து நேராகக் கொட்டினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். வெயில் பட்டதும் மேல்மண் தட்டுமாதிரி காய்ந்து, முளை தலையை நீட்ட முடியாமல் உள்ளே வளைந்துவிடும்.

முளை அங்கங்கே தெரிய ஆரம்பித்த அன்று மாலையே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். இன்னும் நாலு முளை வரட்டும் என்று இரண்டு நாள் விட்டால், வந்த முளைகள் வெளுத்து, தண்டு நீண்டு, நூலாகிவிடும். அப்படிப்பட்ட நாற்றுதான் அழுகலுக்கு முதல் பலி. தக்காளி ஐந்து முதல் எட்டு நாளில் தெரியும். கத்தரி ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். மிளகாய் இன்னும் இரண்டு மூன்று நாள் பிந்தும். மலையில் இரவு குளிர்வதால் இந்த நாட்கள் கூடும். மார்கழி, தையில் இன்னும் கூடும். முளைக்கவில்லையே என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள். குளிர்ந்த மண்ணுக்குக் கூடுதல் தண்ணீர் மேலும் குளிர்ச்சிதான்.

முளைத்த பிறகு தண்ணீரைக் குறைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் மனசு கேட்பதில்லை. சின்னப் பிள்ளையைப் பட்டினி போடுகிற மாதிரி இருக்கும். ஆனால் மேல்மண் லேசாகக் காய்ந்தால்தான் வேர் கீழே இறங்கும். தினம் மேலேயே ஈரம் கிடைத்தால் வேர் ஏன் இறங்கப் போகிறது? காலை ஏழு, எட்டு மணிக்கு ஒருமுறை. மறுநாள் காலையில் சுண்டுவிரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். விரலில் ஈரமண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பொலபொலவென்று உதிர்ந்தால் ஊற்றுங்கள். இதைவிட நல்ல கருவி எங்கள் அலுவலகத்திலும் இல்லை.

சாயந்திரத் தண்ணீரை நாற்றுக்கு நிறுத்திவிடுங்கள். இரவு முழுவதும் இலையும் தண்டின் அடியும் நனைந்தே கிடப்பது பூசணத்துக்குப் பாய் விரித்த மாதிரி. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் பங்குனி, சித்திரையில் நாற்று விடுகிறவர்கள் மட்டும் பிற்பகல் மூன்று மணி வாக்கில் லேசாக ஒரு தெளி தெளிக்கலாம். இருட்டுவதற்குள் இலை காய்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். மலையில் இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். சாயந்திரம் மழை தட்டினால் மறுநாள் காலைத் தண்ணீரும் வேண்டாம்.

மழை பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆவணி, புரட்டாசியில் மாலை மழை தடித்த துளியாக விழும். துளி விழுந்த வேகத்தில் மண் தெறித்து இலையின் அடியில் ஒட்டும். மண்ணோடு பூசணமும் ஒட்டும். நாலு குச்சி நட்டு, தென்னங்கீற்றோ பனையோலையோ சாய்வாகப் போடுங்கள். பகலில் எடுத்துவிட வேண்டும். மரத்தடி நிழலுக்கு இது மாற்று. மரத்தடியில் மழை நின்ற பிறகும் இலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். பலா, புளி போன்ற அடர்ந்த மரம் நாற்றங்காலுக்கு ஆகவே ஆகாது. நாற்றுக்குக் காலை வெயில் வேண்டும்.

இப்போது அந்தத் தேக்கரண்டி விதைக்கு வருவோம். ஒரு கிராம் கத்தரி விதையில் ஏறத்தாழ இருநூறு விதை இருக்கும். ஒரு தேக்கரண்டி என்பது இரண்டு, மூன்று கிராமாவது வரும். அப்படியானால் உங்கள் கையில் நானூறு, ஐநூறு விதை இருக்கிறது அம்மா. உங்கள் குடும்பத்துக்குப் பத்துச் செடி போதும். கடைசி விதை என்று பயப்படுவது வேறு, கடைசி ஐநூறு விதை என்று கணக்குப் போடுவது வேறு. முப்பது விதையை மட்டும் எடுங்கள். மீதியைப் பாட்டிலிலேயே விடுங்கள். பக்கத்து வீட்டிலோ அண்ணன் தம்பி வீட்டிலோ ஒரு ஐம்பது விதையைக் கொடுத்தும் வையுங்கள். ஒரே வீட்டில் இருக்கிற விதை ஒரே எலிக்குப் போய்விடும்.

இந்த முப்பதுக்குப் பாத்தி வேண்டாம். பலா இலையைத் தொன்னையாக மடித்து ஈர்க்கு குத்துங்கள். கொட்டாங்குச்சியானால் அடிக்கண்ணில் துளை போட்டுக்கொள்ளுங்கள். பதினைந்து தொன்னை, தொன்னைக்கு இரண்டு விதை. பழைய பாத்தி மண்ணைத் தொடாதீர்கள். வேறு இடத்துச் செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணலோ ஓடை மணலோ ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. மக்காத சாணியும் பச்சை ஆட்டுப்புழுக்கையும் கூடாது. தென்னை நார்க்கழிவு கிடைத்தால் நல்லது. ஆனால் அதைக் கையில் பிழிந்தால் தண்ணீர் ஒழுகக் கூடாது. உள்ளங்கை நனைகிற ஈரம் போதும்.

விதைக்கு முந்தின நாள் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் தூளைக் கலந்து வைக்க வேண்டும். கிலோ விதைக்கு 10 கிராம் என்பது அளவு. முப்பது விதைக்கு ஒரு சிட்டிகை, விதை லேசாக நனையும்படி இரண்டு சொட்டு வடித்த கஞ்சி. டிரைக்கோடெர்மா விரிடி கிடைத்தால் கிலோவுக்கு 4 கிராம். ஏதாவது ஒன்று போதும். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ கேளுங்கள். கீழே இறங்குகிற யாரிடமாவது சொல்லிவிட்டால் வாங்கி வந்துவிடுவார்கள். கிடைக்கவே இல்லையென்றாலும் விதைப்பதை நிறுத்த வேண்டாம். தண்ணீர் சரியாக இருந்தால் முக்கால்வாசி நோய் வராது.

விதையை அரை சென்டிமீட்டர், போனால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மணல் கலந்த எருவால் மூடுங்கள். பூவாளி இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியில் சூடான ஊசியால் எட்டுப் பத்து ஓட்டை போடுங்கள். அதுதான் உங்கள் பூவாளி. பதினைந்து தொன்னைக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு அரை லிட்டரைத் தாண்டாது. எல்லாத் தொன்னையையும் ஒரு தட்டிலோ முறத்திலோ வைத்தால் மழை வரும்போது தூக்கித் திண்ணையில் வைத்துவிடலாம். அடியில் தண்ணீர் தேங்காத தட்டாக இருக்கட்டும். ஒவ்வொரு தொன்னையையும் கையில் எடுத்துப் பழகுங்கள். நாலு நாளில் கை கனத்தை வைத்தே ஈரம் தெரிந்துகொள்ளும்.

இரண்டு விதையும் முளைத்தால் திடமானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்க வேண்டாம், பக்கத்து வேர் அசையும். முப்பது, முப்பத்தைந்து நாளில் நடவுக்கு வரும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் கொடுத்து, முழு வெயிலில் வையுங்கள். நாற்று கொஞ்சம் முரடாக வேண்டும்.

இப்போது பாத்தியில் இன்னும் நிற்கிற தக்காளி நாற்று ஏதாவது இருந்தால், இன்றே தண்ணீரை நிறுத்துங்கள். விழுந்தவற்றை அடிமண்ணோடு அள்ளித் தள்ளி எறியுங்கள். பாத்தியின் ஓரத்தில் வடிகால் கீறிவிட்டு, காய்ந்த மணலைத் தண்டைச் சுற்றித் தூவுங்கள். அப்படியும் விழுந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்மண் நனைய ஊற்றலாம். இதையும் சூடோமோனாஸையும் சேர்த்து ஊற்றக் கூடாது. தாமிரம் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

காய்ப்புக்கு வந்ததும் நல்ல செடியாக ஒன்றைப் பார்த்து, முதல் காய்ப்பிலேயே இரண்டு காயை விதைக்கு என்று துணி கட்டி விட்டுவிடுங்கள். கடைசிக் காய்ப்புக்கு என்று வைத்தால் போன வருஷம் மாதிரி மழை பிடித்துக்கொள்ளும். காய் நன்றாக மஞ்சளாகிப் பழுத்த பிறகு எடுத்து, விதையை அலசி, நிழலில் உலர்த்துங்கள். பக்கத்தில் வேறு கத்தரி இருந்தால் வண்டு மகரந்தத்தைக் கலந்துவிடும். விதைக்கு விடுகிற பூவை மொட்டிலேயே மெல்லிய துணிப்பையால் மூடிவிட்டு, பிஞ்சு பிடித்ததும் எடுத்துவிட்டால் உங்கள் அம்மாவின் வரி கலையாது.

கேள்வி: "பாகல், புடலை விதை எத்தனை முறை போட்டாலும் முளைப்பதில்லை. எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்?" — சின்னசேலத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: பாகல் விதையின் தோல் கெட்டி. ஓர் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து, வைக்கோலுக்குள்ளோ அடுப்படி ஓரத்திலோ வையுங்கள். தினம் ஒருமுறை துணியை அவிழ்த்துக் காற்றுக் காட்டி மறுபடி நனைத்துப் பிழிந்து கட்டுங்கள். மூக்கு வெடித்து வெள்ளை முனை தெரிந்தவுடன் மண்ணுக்குப் போய்விட வேண்டும். முளை நீண்ட பிறகு எடுத்தால் ஒடியும். நீங்கள் இரண்டு நாள் தண்ணீரிலேயே போட்டு வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் வரவில்லை. தண்ணீருக்குள் மூழ்கியே கிடக்கும் விதைக்கு மூச்சு இல்லை.

வெண்டைக்கு ஓர் இரவு ஊறினால் போதும். அவரை, மொச்சை, காராமணியை ஊறவைக்காதீர்கள். வேகமாகத் தண்ணீர் குடித்துத் தோல் வெடித்து, பருப்பு பிளந்துவிடும். ஈரமண்ணில் நேராக ஊன்றுங்கள். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மண் போட்டும் போடாததுமாகக் கையால் தடவிவிடுங்கள். தண்ணீர் தெளிப்பதற்கு முன் சுற்றிலும் சாம்பல் கோடு போடாவிட்டால் எறும்பு முழுவதையும் தூக்கிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: "நாற்று நன்றாக வருகிறது. பிடுங்கி நட்டால் பாதி வாடிப்போகிறது." — தியாகதுருகம் வட்டாரத்திலிருந்து.

பதில்: காலையில் நடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். பிடுங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நாற்றங்காலை நன்றாக நனைத்தால் வேர் அறாமல் மண்ணோடு வரும். நட்ட கையோடு ஒரு தண்ணீர். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அதன்பிறகு மண்ணைப் பார்த்து வாரம் ஒருமுறை. நட்ட மறுநாள் வாடி நிற்பதைப் பார்த்துத் தினமும் ஊற்றினால் புது வேர் விடாது. பத்துப் பதினைந்து செடிதான் என்றால் இரண்டு நாள் ஓலைத்துண்டைத் தென்மேற்கில் சாய்த்து நட்டுவையுங்கள். வெற்றிலைக் கொடிக்காலில் பெரியவர்கள் செய்வதுதான்.

கேள்வி: "போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. பெரிய செடி தாங்குகிறது. நாற்று மட்டும் இலை ஓரம் கருகுகிறது. சமையல் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றலாமா?" — உளுந்தூர்பேட்டை பக்கத்து வாசகி.

பதில்: உப்பைத் தாங்கும் சக்தி முளைக்கும் பருவத்திலும் நாற்றுப் பருவத்திலும்தான் மிகக் குறைவு. நீங்கள் பார்த்தது சரியே. அவரை, பீன்ஸ் வகைகள், மிளகாய் முதலில் அடிபடும். நாற்றுக்குத் தேவைப்படும் தண்ணீர் ஒரு நாளைக்குச் சில லிட்டர்தான் என்று மேலே பார்த்தோம். அந்தச் சில லிட்டருக்கு ஓட்டு வாரத்தில் ஒரு டிரம் வைத்து மழைத்தண்ணீர் பிடித்தால் ஒரு நாற்றங்கால் பருவம் முழுக்கப் போதும். மூடி வையுங்கள், கொசு வரும். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரை உப்புப் போடுவதற்கு முன் என்றால் தாராளமாக ஊற்றலாம், அன்றன்றைக்கு. சோப்பும் பாத்திரத்தூளும் கலந்தது நாற்றுக்கு வேண்டாம். அதை வாழைக்கோ கல்வாழைக்கோ விடுங்கள்.

உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றியாக வேண்டும் என்றால் இலைமேல் தெளிக்காமல் மண்ணில் விடுங்கள். தெளித்த தண்ணீர் காய்ந்து இலையில் உப்பு நிற்பதால்தான் ஓரம் கருகுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தினம் ஊற்றினால் உப்பு மேலேயே சேரும். இடையிடையே ஒரு நாள் தொட்டியின் அடியில் வடியும்படி ஊற்றி, உப்பைக் கீழே இறக்கிவிட வேண்டும். போர் தண்ணீரில் ஒரு லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். மோட்டார் போட்டுக் கால் மணி நேரம் ஓடிய பிறகு பிடித்த தண்ணீராக இருக்கட்டும். பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டு, விளிம்புவரை நிரப்பி மூடி, பெயரும் ஊரும் போரின் ஆழமும் எழுதி ஒட்டி, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். முடிவுத்தாள் கைக்கு வந்ததும் அதன் நகலை இந்தப் பகுதிக்கு அனுப்பிவையுங்கள். எந்தப் பயிர் அந்தத் தண்ணீரில் வரும், எது வராது என்று பார்த்துச் சொல்கிறேன்.